லோடு முடியட்டும்

பிப்ரவரி 6, திங்கள்

சின்ன வெங்காயம் நாலு லோடு. மூன்று சுமார் ரகம். ஒன்று ஈரத்தோடு மூட்டை கட்டியது. அவிழ்த்தால் செத்த எலி வாடை. அழுகின வெங்காயத்தின் தண்ணீர் விரலில் பட்டால் மூன்று நாளைக்குச் சோற்றில் அந்த நாற்றம் வரும். முப்பத்திரண்டு வருடமாக இதில்தான் பிழைக்கிறேன், இன்னும் பழகவில்லை.

இந்த டைரி பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் வருடா வருடம் கொடுப்பது. வரத்து, வெயில், எவன் மூட்டையில் கல் வைத்தான், அவ்வளவுதான் எழுதுவேன். இன்றைக்கு ஒரு கூத்து நடந்ததால் கூட நாலு வரி.

வியாபாரிகள் சங்கத் தலைவர் சிங்காரவேலு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் மண்டிக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கிராப் வெட்டு, ஆம்பளைச் சட்டை, தோளில் கேமரா. பெயர் ஆக்னஸ். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், இருப்பது சென்னை.

"பொம்பளைங்களப் பத்திப் படம் எடுக்குறாங்களாம், பஞ்சவர்ணம். நம்ம மார்க்கெட்டுல ஒரே பொம்பளை முதலாளி நீதான? பேசு. நாலு நல்ல வார்த்தை சங்கத்தையும் சொல்லு" என்றார் தலைவர்.

சேலை மாற்றிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தரம் பிரிக்கிற பெண்கள் பதினெட்டுப் பேரும் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள், அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி பத்தரை ஆகுதுக்கா. இந்த வெயில்ல இவங்க யாருமே தண்ணி குடிக்கலையே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ வந்தவள் முதல் நாளே அதைப் பிடித்துவிட்டாள்.

அப்புறம் ஒரு காகிதத்தை நீட்டி அவளுடைய சட்டத்தைச் சொன்னாள். சொந்த வாழ்க்கையைப் பேசுகிறவர்கள் எப்போது வேண்டாம் என்றாலும் அவர்கள் பகுதியைப் படத்திலிருந்து எடுத்துவிடுவாளாம். காரணம் கேட்க மாட்டாளாம். படம் முடிந்ததும் ஊருக்குக் காட்டும் முன்னால் முதலில் எங்களுக்குத்தான் காட்டுவாளாம்.

"தலைவர் வேணாம்னா அவரையும் எடுத்துருவியா?"

"அவர் பதவியில இருந்து பேசுறாரு. அது வேற கணக்குக்கா."

லாரியில் ஏற்றின சரக்கை விவசாயி பாதி வழியில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று எவனாவது தொழில் செய்வானா? பைத்தியம்.

பிப்ரவரி 7

ஆக்னஸ் மார்க்கெட்டின் பின்சுவருக்குப் போய்விட்டு வந்து வாந்தி எடுத்தாள்.

அந்தச் சுவரைப் பற்றி எழுதக்கூடக் கை கூசுகிறது. நூறு ஆம்பளைகள் நாள் முழுக்க நின்று போகிற இடம். சுவர் அடியில் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கிறது. அதைத் தாண்டி ஓட்டை லாரி ஒன்று கிடக்கிறது, அதன் மறைவுதான் பெண்களுக்கு. இரண்டு பேர் சேலை முந்தானையைப் பிடித்து மறைப்பார்கள், ஒருத்தி உட்காருவாள். எவனாவது இருமினால் பாதியில் எழுந்துவிடுவாள்.

அதை எடுத்தாயா என்று கேட்டேன். இல்லை, கேமராவுக்கு மூடி போட்டுவிட்டேன் என்றாள்.

"அதத்தான எடுக்க வந்த?"

"முகத்தத் திருப்பிக்கிட்டாங்கக்கா. அப்புறம் கேமராவுக்கு அங்க என்ன வேலை?"

பிப்ரவரி 11, சனி

மார்க்கெட் விடுமுறை. ஆக்னஸ் வீட்டுக்கு வந்தாள். புட்டு வைத்தேன், மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் பிழைப்பு என்ன என்று தோண்டித் தோண்டிக் கேட்டேன். இருபது வருடத்தில் எடுத்தது ஆறு படம். ஒன்றுகூடத் தியேட்டருக்கு வந்ததில்லை. துணிப்பையில் புரொஜெக்டர், ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. தெருமுனை, கல்யாண மண்டபம், யூனியன் ஆபீஸ், எங்கே கூப்பிட்டாலும் விரிப்பைக் கட்டிக் காட்டிவிட்டு வருவாளாம். ஒரு ஊரில் பாதிப் படத்தில் கரண்டைப் பிடுங்கினார்கள். ஒரு காலேஜில் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரு டிவிக்காரன் நல்ல விலை சொல்லி, ஒரு விதவை பேசுகிற இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டச் சொன்னான். கொடுக்கவில்லை.

"சோத்துக்கு?"

"கல்யாண வீடியோ எடுப்பேன். இப்ப அதுக்கும் கூப்பிடுறது குறைஞ்சிருச்சு. ஒரு கல்யாணத்துல தாலி கட்டறப்ப எல்லாரும் அட்சதை போடுறாங்க, நான் பொண்ணு முகத்தையே ரெண்டு நிமிஷம் எடுத்துட்டேன். மாப்பிள்ளை முகம் இல்லவே இல்ல. அவங்க மாமா அடிக்க வந்துட்டாரு."

"பொண்ணு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"அதனாலதாங்கக்கா அடிக்க வந்தாரு."

சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. நஷ்டம் என்று தெரிந்தே செய்கிற தொழிலைப் பார்த்தால் எனக்கு அழுகின மூட்டையைப் பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். இவ்வளவு புத்தி உள்ளவள்.

பிப்ரவரி 14

என்னைப் பேட்டி எடுத்தாள். மண்டியில் என் நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் வெங்காயக் குவியல்.

என் கதை ஊருக்கே தெரிந்ததுதான். என்னைக் கட்டியவன் கேரளாவுக்கு லோடு ஏறிப் போனான், இன்னும் இறங்கவில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு. தாள் அறுக்க வந்தேன். கழித்துப்போடுகிற வெங்காயத்தைக் கேட்டு வாங்கித் தெருவில் கூறு போட்டு விற்றேன். அப்புறம் தள்ளுவண்டி, அப்புறம் பாதிக் கடை, அப்புறம் இந்த மண்டி. எல்லாம் சொன்னேன்.

"மண்டி கைக்கு வந்ததும் முதல்ல என்ன பண்ணீங்க?"

"பின்னாடி ஒரு கக்கூஸ் கட்டுனேன். டைல்ஸ் போட்டு."

"போர்டுகூட வைக்கல, மொதல்ல அதுவா? ஏன்க்கா?"

"சும்மாதான். ஒரு வசதிக்கு."

இடுப்பில் தொங்குகிற சாவியைக் கேமராவில் கிட்டே காட்டச் சொன்னாள். காட்டினேன். இந்தப் பெண்களும் அதைப் பயன்படுத்துவார்களா என்று கேட்டாள்.

"அவளுகளா? நாறடிச்சிருவாளுக!" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

பேச்சு வாக்கில் சங்கத்துக் கக்கூஸைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் பெண்களுக்கென்று கட்டி, ரிப்பன் வெட்டி, மறுநாளே பூட்டியது. உள்ளே தலைவருடைய பழைய சாக்குதான் கிடக்கிறது, எலி குட்டி போட்டிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். கேமரா ஓடுவதே மறந்துவிட்டது.

மதியம் வீட்டுக்கு வந்து இரண்டு இளநீர் குடித்தேன். ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல். வெயில்.

பிப்ரவரி 16

சுமை தூக்குகிற கருத்தான், ஆக்னஸிடம் பல்லைக் காட்டிக்கொண்டு பேசினதைக் கேட்டேன்.

"அக்காவுக்கு அந்தக் காலத்துல மார்க்கெட்டுல ஒரு பேரு இருந்துச்சு தெரியுமா? கேட்டுப் பாருங்க."

தராசுப் படிக்கல்லை எடுத்து வீசியிருப்பேன். இனிமேல் என் லோடு எதையும் நீ தொடக்கூடாது என்று அனுப்பிவிட்டேன். ஆக்னஸ் அந்தப் பெயர் என்ன என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இங்கேயும் எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 22

சிலம்பாயி மயங்கி விழுந்தாள். எங்கள் மண்டியில் பன்னிரண்டு வருடமாகத் தரம் பிரிக்கிறவள், வெங்காயத்தைத் தொட்டே ரகம் சொல்வாள். கை கால் வெடவெடவென்று நடுக்கம், உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். ஆக்னஸும் வந்தாள்.

சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டதாம். டாக்டர் பெண் சின்னப் பெண், கோபமாகக் கத்தினாள். "தண்ணியே குடிக்க மாட்டீங்களா? மணிக்கணக்கா அடக்கி வெச்சுக்குவீங்களா? என்ன வேலை அப்படி?"

வார்டு கக்கூஸ் வாசலில் தண்ணீர் தேங்கி, அதில் பஞ்சு மிதந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆப்பிள் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு என்றேன்.

காலையில் ஏழு மணிக்கு என்னிடம் சாவி கேட்டாள். லாரி வந்து நின்றிருந்தது. லோடு முடியட்டும் என்றேன். எத்தனையோ பேர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள், யாரும் விழவில்லை.

மார்ச் 3

தரம் பிரிக்கிற பெண்கள் கலெக்டர் ஆபீஸில் கக்கூஸ் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் ஐந்தாம் தேதி விசாரணை. அன்றைக்கு ஆக்னஸின் படத்தையும் போட்டுப் பார்க்க அதிகாரி ஒத்துக்கொண்டிருக்கிறாராம்.

தலைவருக்கு வேர்த்துவிட்டது. சங்கக் கட்டடத்து முன்னால் நின்று ஆக்னஸின் கேமராவுக்குப் பேட்டி கொடுத்தார். நானும் கமிட்டி மெம்பர் என்பதால் பக்கத்தில் நின்றேன்.

"மகளிருக்கென்று நவீனக் கழிப்பறை கட்டிக் கொடுத்திருக்கோம். எந்நேரமும் திறந்துதான் இருக்கும். ஆனா இதுவரைக்கும் ஒரு பொம்பளகூட வந்ததில்லம்மா. கூச்சம் பாருங்க."

"பூட்டியிருக்கே, சார்?"

"இன்னைக்குக் க்ளீனிங்."

"உள்ள பார்க்கலாமா?"

"சாவி க்ளீனிங்காரன்ட்ட இருக்கும்மா."

மூன்று வருடமாகக் க்ளீனிங். வெற்றிலை குதப்பின வாயோடு எப்படிச் சிரிக்கிறார்! அந்தச் சிரிப்பை எனக்கு அவர் கணக்கப்பிள்ளையாக இருந்த நாளிலிருந்தே தெரியும். அருவருப்பாக இருந்தது.

கதவுக்கு மேலே திறப்பு விழாக் கல்வெட்டு. மூன்றாவது பெயர் என்னுடையது. ஆக்னஸ் கேமராவை அதன்மேல் மெதுவாக நகர்த்தினாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மார்ச் 5

லாட்ஜ்காரன் ஆக்னஸை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டான். தனியாக இருக்கிற பெண்களுக்கு அறை தருவதில்லையாம். ஒரு மாதம் கழித்துத்தான் அது ஞாபகம் வந்திருக்கிறது. சங்கத்திலிருந்து போன் போயிருக்கும்.

என் வீட்டு மாடி அறை சும்மாதானே கிடக்கிறது, வந்து இரு என்றேன். அவளுக்காக இல்லை. எனக்கு மேலே ஒருத்தன் போன் போட்டு ஆளைக் கிளப்புவது எனக்குப் பிடிக்காது.

வந்தாள். இரண்டு சட்டை, ஒரு கம்ப்யூட்டர், புரொஜெக்டர், படுக்கை விரிப்பு. இருபது வருட உழைப்பும் ஒரு ஆட்டோவில் இடம் மீந்து வந்தது.

மார்ச் 12

ஆக்னஸின் அம்மா போனில் பேசுகிறது மாடிப்படி வரைக்கும் கேட்கிறது. எப்போது வீட்டுக்கு வருவாய் என்கிறார்கள். "படம் முடியட்டும்மா" என்கிறாள். நாலு வருடமாக இந்தப் படமாம். எங்கள் மார்க்கெட் ஆறாவது மார்க்கெட். மற்ற ஐந்திலும் கேமரா முன்னால் கக்கூஸில் என்ன கிடக்கிறது என்று சொல்ல ஒரு முதலாளிகூட வாய் திறக்கவில்லையாம்.

மார்ச் 18, சனி

விடுமுறை நாள். மதியம் என் மண்டியிலேயே படம் காட்டினாள். கதவுகளைச் சாத்தி, சாக்கால் வெளிச்சத்தை அடைத்து, வெள்ளை விரிப்பைக் கட்டி. பெண்கள் மூட்டைகளின்மேல் உட்கார்ந்தார்கள். சிலம்பாயி இளைத்துப்போய், துணைக்கு ஒருத்தி தோளில் சாய்ந்து வந்தாள். எனக்கு என் நாற்காலி.

நான் பட்டுச் சேலையில் வந்திருந்தேன். எழுதிவைக்கிறேன், அதுவும் தெரியட்டும்.

விரிப்பில் நான் வந்தேன். ஒரு லாரி உயரத்துக்கு என் முகம். சாவி இடுப்பில் ஆடுகிறது. என் வாய் கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறது. "அவளுகளா? நாறடிச்சிருவாளுக!"

அடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில். சிலம்பாயி. குழாய் சொருகின கையோடு சொல்கிறாள்: "அக்காகிட்ட சாவி கேட்டேன். லோடு வந்துருச்சு. பாவம், அவங்க என்ன செய்வாங்க."

பாவம் என்கிறாள். என்னை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படம் முழுக்க அந்தப் பெண்களில் ஒருத்திகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான். பதினெட்டுக் கழுத்தும் விறைத்துக்கொண்டு முன்னால் பார்க்கின்றன. மூக்கைச் சிந்துகிற மாதிரி என் முகத்தை நானே வழித்து எறிய வேண்டும் போல இருந்தது. அப்படி ஒரு அசிங்கமான சிரிப்பு எனக்கு உண்டு என்று ஐம்பத்து நாலு வயதில் தெரிந்துகொண்டேன்.

முடிந்ததும் ஆக்னஸ் ஒவ்வொருவரிடமும் கேட்டாள், போடலாமா வேண்டாமா என்று.

"என்னைய நல்லாத்தான் காமிச்சிருக்க. மூக்குத்தி பளிச்சுன்னு தெரியுது. போடு" என்றாள் சிலம்பாயி.

ஆக்னஸ் என்னிடம் வந்தாள். நான் நினைத்திருந்தது அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல்ல. ஆனால் வியாபாரத்தில் வேண்டியதையா முதலில் கேட்பார்கள்? மேலே ஏற்றிக் கேட்க வேண்டும், எதிராளி கீழே இழுப்பான், நடுவில் ஒரு இடத்தில் நிற்கும்.

"என்னைய முழுசா எடுத்துரு. ஒரு துணுக்குகூட நான் இருக்கக்கூடாது" என்றேன்.

"சரிங்கக்கா" என்றாள். நோட்டில் எழுதினாள். புரொஜெக்டர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான்.

மார்ச் 19

காலையிலிருந்து மாடியைவிட்டு அவள் இறங்கவில்லை. வந்து கேட்பாள் என்று காப்பி போட்டு வைத்தேன். ஆறிப்போனது.

மார்ச் 20

மண்டியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வந்தேன். மாடியிலிருந்து என் குரல் கேட்டது. "பின்னாடி ஒரு கக்கூஸ் கட்டுனேன்." மறுபடி. "பின்னாடி ஒரு..." அப்புறம் நின்றுவிட்டது. படியடியில் நெடுநேரம் நின்றேன். என் குரல் திரும்ப வரவில்லை.

வெட்டிவிட்டாள்.

மார்ச் 22

தலைவர் அல்வா டப்பாவோடு வந்தார்.

"கேள்விப்பட்டேன் பஞ்சவர்ணம். நல்ல காரியம் பண்ணுன. நம்மள்ல ஒருத்தின்னு காமிச்சிட்ட. நீ இல்லைன்னா அந்தப் படத்துல என்ன இருக்கு? கூலிக்காரி நாலு பேர் அழுவா. பெரிய மனுசங்க சொன்னதுன்னு நான் சொன்னது ஒண்ணுதான் நிக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாக்கு கிடக்கிறது என்று சொன்ன ஒரே வாய் என்னுடையது. அதை வெட்டினால் எந்நேரமும் திறந்திருக்கிறது என்கிற பேச்சுதான் மிஞ்சும். விசாரணை முடியும், மனு தள்ளுபடி ஆகும், அந்தப் பெண்கள் ஓட்டை லாரிக்கே போவார்கள்.

நம்மள்ல ஒருத்தி! அல்வாவில் நெய் வடிந்து டப்பா பிசுபிசுத்தது. தொட்ட கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். டப்பாவைக் குப்பையில் போட்டேன், எறும்புகூட உடனே வரவில்லை.

மார்ச் 24

மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கி இருந்தது. படத்தில் நான் வந்த இடமெல்லாம் கறுப்பாக ஓடுகிறது, அங்கே வைக்க வேறு எதுவும் இல்லை.

"ஏன்டி, இன்னொரு வார்த்தை கேக்க மாட்டியா? எடுத்துருன்னா எடுத்துருவியா? யாவாரத்துல மொத வார்த்தையே கடைசி வார்த்தையா?"

"இது யாவாரம் இல்லையேக்கா."

"அதுக்காக? நாலு வருசம் உழைச்சிருக்க. ஒரு தடவை கெஞ்சியிருந்தா என்ன, கிரீடம் இறங்கிருமா?"

ஓடிக்கொண்டிருந்த கறுப்பை நிறுத்தினாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"வேணாம்னு ஒரு பொம்பள சொன்னா யாருமே முதல் தடவையில கேக்க மாட்டாங்கக்கா. வீட்டுலயும் சரி, வேலையிலயும் சரி. ஏன், எதுக்கு, யோசிச்சியான்னு அவ சரின்னு சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நானும் அதையே செஞ்சா, அப்புறம் நான் இந்தக் கேமராவைத் தூக்கிட்டுத் திரியறதுல அர்த்தமே இல்ல."

போடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கேட்காமல் நானாகக் கொடுப்பதா? என் வாழ்க்கையில் செய்ததே இல்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. அவள்மேலும்தான். பேரம் பேசத் தெரியாதவளோடு எப்படிச் சண்டை போடுவது?

மார்ச் 26

காலையில் ஒன்றுக்குச் சிவப்பாகப் போனது. பீட்ரூட் சாப்பிட்டிருப்பேன்.

மார்ச் 27

பீட்ரூட் சாப்பிடவில்லை.

மார்ச் 29

ஸ்கேன் எடுக்கப் போனேன். மறு பரிசோதனைக்கு வந்த சிலம்பாயி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழப்போனாள், கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால்தான் ஸ்கேனில் தெரியுமாம். என் பாட்டில் காலி. அவள் தன் பாட்டிலை நீட்டினாள்.

"குடிங்கக்கா. பயப்படாதீங்க. இங்கன பாத்ரூம் இருக்கு, நான் பார்த்துட்டேன். பூட்டு இல்ல."

குத்திக் காட்டவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் போய்த் தைத்தது.

டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து, இடது சிறுநீரகம் சுருங்கிவிட்டது என்றார். வலது தாக்குப் பிடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சின்ன வயதில் அடிக்கடி அடக்கிவைப்பீர்களா என்று கேட்டார்.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

மார்ச் 31, வெள்ளி

எல்லாம் எழுதிவிடுகிறேன்.

காலை ஏழரைக்கு, மார்க்கெட் நிரம்பி வழிகிற நேரத்தில், ஆக்னஸைக் கேமராவோடு மண்டி வாசலுக்கு வரச் சொன்னேன். நாற்காலி வேண்டாம் என்றேன். தரம் பிரிக்கிற இடத்தில் சாக்கை விரித்து, சிலம்பாயி பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் அரிவாளும் வெங்காயமும் எடுத்துக்கொண்டேன். கை மறக்கவில்லை. எதிர்த்த டீக்கடையில் தலைவர் கிளாஸோடு நின்றிருந்தார்.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"எனக்கு இருபத்திரண்டு வயசு. தை மாசம், வெங்காயம் குமிஞ்சு கிடக்குது. காலையில வந்து குந்துனவ, மணி பத்து ஆகுது. எந்திரிச்சுக் கணக்கப்பிள்ளகிட்டப் போய், அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம்னேன். அவரு நோட்டுல இருந்து தலையக்கூடத் தூக்கல. 'லோடு முடியட்டும்'னாரு. மறுபடி கேட்டேன். 'லோடு முடியட்டும்டி'ன்னாரு. மூணாவது தடவை கேக்கப் போகையில நின்ன இடத்துலயே ஆயிருச்சு. அத்தனை பேருக்கு முன்னாடி. சேலை நனைஞ்சு, காலு நனைஞ்சு, கீழ கிடந்த வெங்காயமும் நனைஞ்சு. சிரிச்சாங்க. அந்த வெங்காயத்த என்னையவே கழுவி அடுக்கச் சொன்னாரு. 'ஏய் ஈரச்சேலை'ன்னு கூப்பிட்டாரு. ஆறு வருசம் இந்த மார்க்கெட்டுல எனக்கு அதுதான் பேரு. கணக்கப்பிள்ள யாருன்னா, அந்தா டீக் குடிக்கிறாருல்ல, அவருதான்."

கருத்தானும் இரண்டு லோடுமேன்களும் பக்கத்து மண்டி மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டார்கள். தலைவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"பூட்டிக் கிடக்குற கக்கூஸுக்குள்ள அவரு சாக்கு கிடக்குது. கல்வெட்டுல என் பேரும் இருக்குது. நானும்தான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

இது வரைக்கும் எளிதாக இருந்தது. ஒருத்தனைக் காட்டிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? அடுத்ததற்குத்தான் வெங்காயத்தைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

"போன மாசம் இந்தா இவ என்கிட்டச் சாவி கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'லோடு முடியட்டும்'. அதே வார்த்தை. அவரு வாயில இருந்து எடுத்து என் வாயில வெச்சுக்கிட்டு இருபது வருசமா மென்னுக்கிட்டு இருந்திருக்கேன். த்தூ."

நிஜமாகவே துப்பினேன். மண்ணில்.

சிலம்பாயி தாள் அறுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் தன் பக்கம் இருந்த வெங்காயக் கூடையை எனக்கும் எட்டுகிற மாதிரிக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

தலைவர் சாலையைத் தாண்டி வந்தார். "என்ன பஞ்சவர்ணம், பழங்கதையெல்லாம்... விளையாட்டுக்குப் பேசுனத..."

"லோடு முடியட்டும் தலைவரே. அப்புறம் பேசுவோம்" என்றேன். பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் பதினெட்டுப் பேரும்.

ஆக்னஸ் கேமராவை இறக்கினாள். அப்போதும் தன் சட்டத்தை விடவில்லை.

"இதப் படத்துல போடலாமாக்கா?"

"போடு. முந்தி வெட்டுனதையும் போடு. அந்தச் சிரிப்பையும் சேர்த்துப் போடு."

"அவசரம் இல்ல. ரெண்டு நாள் யோசிச்சு..."

"அடியேய்! மொத வார்த்தைதான் கடைசி வார்த்தை. எழுதிக்க."

ஏப்ரல் 3, திங்கள்

என் கக்கூஸ் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தரம் பிரிக்கிற இடத்துத் தூணில் ஆணி அடித்து மாட்டினேன்.

மதியத்துக்குள் நாறிவிட்டது. நான் சொன்னதுதான் நடந்தது. பதினெட்டுப் பேர், ஒரு கக்கூஸ், நாறாமல் என்ன செய்யும்? டைல்ஸெல்லாம் வெங்காயச் சருகும் மண்ணும். வாளியை எடுத்து நானே கழுவினேன். குமட்டியது. யாருக்கு என்றைக்குக் கழுவுகிற முறை என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன். திங்கள், பஞ்சவர்ணம்.

சங்கத்துக் கக்கூஸைத் தலைவர் அவசரமாகத் திறந்து சாக்குகளை வெளியேற்றுகிறார். சாவி கிடைத்துவிட்டதாம். உள்ளேயிருந்து வந்த வாடை மார்க்கெட் முழுக்க. குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறது, பைப்பே போடவில்லை. ஆக்னஸ் அதையும் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 5, புதன்

இன்று விசாரணை. மதியம் இரண்டுக்கு. ஆக்னஸ் விடிந்ததும் புரொஜெக்டரையும் விரிப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சிலம்பாயியும் இன்னும் நாலு பேரும் அவளோடு. எனக்கு இரண்டு லோடு இருந்தது, முடித்துவிட்டு பஸ் ஏற வேண்டும்.

பதினொரு மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். மார்க்கெட்டில், பகலில், இத்தனை வருடத்தில் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் வந்தது. லாரியில் பாதி மூட்டை இறங்காமல் இருந்தது. டிரைவர் "அக்கா, எண்ணிக்கை?" என்று கத்தினான்.

எழுந்து போனேன்.

கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஆள். வெளியே மூன்று பேர் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட ஒதுங்கினார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, நாலாவது ஆளாக நின்றேன்.